எனக்குக் கிடைத்த கபொராலே பதவி

1

இந்த நாட்டுக்கு வந்து பதினோரு வருடம் முடிந்த அதே வாரத்தில் எனக்கு ஒரு பதவி கிடைத்தது. இத்தனை வருடத்தில் இத்தாலி எனக்கு எதையும் சும்மா கொடுத்ததில்லை. தக்காளிக் கொடிக்குக் கயிறு கட்டுகிறவன், கீரைப் பெட்டி தூக்குகிறவன், அவ்வளவுதான் நான். ஆனால் போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் என்னைப் போலீஸ் நிலையத்தில் உட்காரவைத்து, இரண்டு அதிகாரிகள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டபோது என்னைக் காட்டி அந்தப் பெயரைச் சொன்னார்கள். கபொராலே.

ஓசூர் பக்கத்தில் என் ஊர் மத்திகிரியில் இதைப் படிக்கிறவர்கள், "பரவாயில்லையே, இஸ்மாயில் ராணுவத்தில் சேர்ந்துவிட்டானா" என்று கேட்பீர்கள். ராணுவத்தில் அது சின்னப் பதவி, நம் ஊரில் கார்ப்பொரல் என்பார்களே, அதுதான். ஆனால் இந்தத் தெற்குச் சமவெளியில் கபொராலே என்றால் வேறு ஆள். விடியற்காலையில் வேனோடு வந்து, ஆட்களை அள்ளிப்போய்த் தோட்டத்தில் இறக்குகிறவன். இன்றைக்கு யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்று விரலால் காட்டுகிறவன். கூலியில் தன் பங்கைக் கடித்துக்கொண்டு மிச்சத்தைத் துப்புகிறவன். இங்கே அது குற்றம். சிறை உண்டு. அதற்கும் முன்னால், பெர்மெஸ்ஸோ என்று நாங்கள் சொல்லும் தங்குவதற்கான அனுமதி அட்டை போய்விடும். என் அட்டை போனால் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற என் மனைவி ஜரீனாவின் அட்டையும் போகும். எட்டு வயதில் வந்து, இப்போது நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிற என் மகள் சபீனாவின் கதி என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

"ஒரு விசா எடுத்துக் கொடு பாய்" என்று வாராவாரம் வாட்ஸப்பில் எழுதுகிற நண்பர்களே, இதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கேளுங்கள்.

2

ஓசூரைச் சுற்றி ரோஜா வளர்க்கிற பாலிஹவுஸ்களைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அதே பிளாஸ்டிக் கூரை, அதே வேக்காடு. உள்ளே ரோஜாவுக்குப் பதில் தக்காளியும் கீரையும். முதலாளி நல்லவரா கெட்டவரா என்று கேட்காதீர்கள். அவரை நான் பார்த்ததே நான்கைந்து முறைதான். நாங்கள் பார்ப்பது வேன்காரனைத்தான். அவன் எந்த நாட்டுக்காரன் என்று எழுத மாட்டேன். எழுதினால் அவனை விட்டுவிட்டு அந்த நாட்டைத் திட்டுவீர்கள்.

எங்கள் கூட்டத்தில் ஏழு பேர். இரண்டு பஞ்சாபிகள், இரண்டு வங்காளிகள், ஒரு கானாக்காரர், நம் பக்கத்து அஞ்செட்டியிலிருந்து வந்த முனிராஜ், நான். நான் மட்டும் டவுனில் குடும்பத்தோடு இரண்டு அறை வீட்டில் இருக்கிறேன். மற்ற ஆறு பேரும் வயலுக்கு நடுவில் ஒரு பாழடைந்த பண்ணை வீட்டில். கதவு உண்டு, பூட்டு கிடையாது. கூரை உண்டு, மழை பெய்தால் அதுவும் கிடையாது.

போன வருடம் வங்காளிகளில் ஒருவருடைய பெர்மெஸ்ஸோ அந்த வீட்டில் காணாமல்போனது. இன்னொன்று வாங்க அவர் பட்ட பாட்டை நான் கூடவே போய்ப் பார்த்தேன். டோக்கன் எடுக்கவேண்டும். மூன்று மணி நேரம் நிற்கவேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற அம்மாள் தாளைப் பார்ப்பாள், நம்மைப் பார்ப்பாள், ஒரே ஒரு சொல் சொல்வாள்: தொமானி. நாளைக்கு. மறுநாள் போனால் அதே அம்மாள், அதே தொமானி. இந்த நாட்டில் நான் முதலில் கற்ற சொல்லும் இதுதான், மிக வெறுக்கிற சொல்லும் இதுதான். என் பெயருக்கு இனிஷியல் மட்டும் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது என்று புரியவைக்க முடியாமல் கடைசியில் என் அட்டையில் இஸ்மாயில் இஸ்மாயில் என்று அடித்துக் கொடுத்தவர்களும் இவர்கள்தான்.

அந்த வங்காளிக்கு அட்டை வந்துசேரப் பத்து மாதம் ஆனது. அன்றைக்கே நான் ஆறு பேரிடமும் சொன்னேன்: "உங்க பேப்பரெல்லாம் என்கிட்ட குடுங்க. பீரோல வச்சிப் பூட்டிடறன். பத்திரமா இருக்கும்."

அவரவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். எல்லோரும் கொடுத்தார்கள். கடைசியாகக் கொடுத்தவன் முனிராஜ். பாஸ்போர்ட்டையும் அட்டையையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு நீட்டிக்கொண்டே, "உங்ககிட்ட குடுக்காம இருக்க முடியுமா பாய்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்று நான் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்டினேன். நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்து அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

3

கராபினியேரி என்றால் ராணுவத்தைச் சேர்ந்த போலீஸ். தோட்ட வேலைகளைச் சோதிக்க அவர்களில் ஒரு பிரிவு உண்டு. அந்தச் செவ்வாய்க்கிழமை அவர்கள் வந்தபோது வேன்காரன் எங்களை இறக்கிவிட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவனுக்கு எப்படியோ மோப்பம் கிடைத்து, வேனைப் போட்டுவிட்டு ஓடிவிட்டான்.

வரிசையாக நிற்கவைத்து, பேப்பர் எங்கே என்று கேட்டார்கள். முதல் ஆள் என்னைக் காட்டினார். இரண்டாவது ஆள் என்னைக் காட்டினார். ஆறு பேரும் காட்டினார்கள். அதிகாரி என்னிடம் வந்து, "இவர்களுடைய ஆவணங்கள் உன்னிடமா இருக்கின்றன?" என்று கேட்டார். நான் பெருமையாகத் தலையை ஆட்டி, "ஸி, ஸி, எப்போதும் என்னிடம்தான்" என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன். என் பதினோரு வருட மொழியறிவு என்னைச் சிறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

ஆட்களின் பேப்பரைப் பிடித்து வைத்துக்கொள்வது கபொராலேக்களின் முதல் வேலை என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. எனக்குத் தெரியும். எல்லோரையும்விட எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அந்த நேரத்தில் உறைக்கவில்லை. என்னை வீட்டுக்கு அழைத்துப்போனார்கள். ஜரீனா மாவுக் கையோடு கதவைத் திறந்தாள். சீருடைக்காரர்கள் முன்னால் பீரோவைத் திறந்து டின்னை எடுத்துக் கொடுத்தேன். பதினோரு வருடத்தில் அவள் முகம் அப்படிப் போனதை நான் பார்த்ததில்லை.

4

நிலையத்தில் தாழ்வாரத்தில் உட்காரவைத்தார்கள். எதிர்ச் சுவரில் பதவிகளின் பட்டியல் ஒன்று, தோள்பட்டைப் படங்களோடு. சபீனா கல்லூரியிலிருந்து ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் தமிழ் பேசுவாள். ஆனால் கோபமும் அழுகையும் வந்தால் இத்தாலியனுக்குப் போய்விடுவாள். அன்றைக்குப் பாதிப்பாதியாக வந்தது.

"அத்தா, நீங்க ஏன் அவங்க டாக்குமெண்ட் வச்சிருந்தீங்க?"

"பத்திரத்துக்கும்மா."

"யாரோட பத்திரத்துக்கு?"

சுவரைப் பார்த்தேன். "இந்தக் கபொராலேன்னா என்னாம்மா அர்த்தம்? எதுலருந்து வந்தது?" என்று பேச்சை மாற்றக் கேட்டேன். அவளுக்கும் கைக்கு ஏதாவது வேலை தேவைப்பட்டது போலிருக்கிறது. போனை எடுத்துப் படித்துச் சொன்னாள்.

கபோ என்றால் தலை. லத்தீனில் கபுத். தலையிலிருந்து தலைவன், தலைவனிலிருந்து கபொராலே. பிரெஞ்சுக்காரர்கள் இத்தாலியனிலிருந்து இதைக் கடன் வாங்கினார்கள். ஆங்கிலத்துக்குப் போகும் வழியில் யாரோ இது உடம்பு என்ற சொல்லோடு சம்பந்தப்பட்டது என்று நினைத்துக் கெடுத்து, கார்ப்பொரல் ஆக்கினார்கள். ஸ்பானிஷ் பேசுகிற சில நாடுகளில் கபொரால் என்றால் மாட்டுப் பண்ணையில் வேலையாட்களை மேய்க்கிறவன். போர்த்துக்கீசியரும் ஸ்பானியரும் ராணுவத்தில் காபோ என்று சுருக்கிவிட்டார்கள். தலை என்று பெயர் வைத்துவிட்டுப் பட்டியலின் அடியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். என்னை விசாரிக்கப்போகிற அதிகாரிக்குப் பதவி மரெஷால்லோ, அது பட்டியலில் எவ்வளவோ மேலே.

"அந்த மரெஷால்லோன்னா என்னா?"

"பழைய ஜெர்மன் வார்த்தையாம். குதிரை, வேலைக்காரன், ரெண்டும் சேர்ந்தது. குதிரை லாயத்து ஆளு. அப்புறம் பெரிய பதவியாயிடுச்சு. பிரான்ஸ்ல அதுக்கு மேல பதவியே இல்லையாம். ஆனா லாடம் அடிக்கிறவருக்கும் அங்க அதே பேருதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் அத்தா மத்திகிரி அரசு கால்நடைப் பண்ணையில் குதிரை லாயத்தில் சாணி அள்ளியவர். முப்பது வருடம் அள்ளினார். அவரை யாரும் எந்த மரெஷால்லோவும் ஆக்கவில்லை. ஓய்வுபெற்ற அன்று ஒரு மாலையும் ஒரு டார்ச் லைட்டும் கொடுத்தார்கள். சொல்லுக்குக் கிடைத்த பதவி உயர்வு சொல்லுக்குச் சொந்தக்காரனுக்குக் கிடைப்பதில்லை.

"சிரிக்காதீங்க அத்தா, மேல கேமரா இருக்கு," என்றாள் சபீனா. பிறகு, "கபொராலேக்குத் தமிழ்ல என்ன சொல்வாங்க?" என்று கேட்டாள்.

மேஸ்திரி என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சொல்கூடப் போர்த்துக்கீசியன் கொடுத்ததுதான், அவன் மொழியில் ஆசான் என்று அர்த்தம் என்று எங்கேயோ படித்திருக்கிறேன். கங்காணி என்று சொல்லலாம். அது நம்முடைய சொந்தச் சரக்கு, யாரிடமும் வாங்கியதில்லை. இரண்டையும் சொல்லவில்லை. "தெரீலம்மா" என்றேன்.

5

தெரியாது என்று சொன்னேனே, அது பச்சைப் பொய்.

இத்தாலிக்கு வருவதற்கு முன் ஆறு வருடம் நான் ஓசூரில் ஒரு லேபர் கான்ட்ராக்டரிடம் சூப்பர்வைசர். விசிட்டிங் கார்டில் சூப்பர்வைசர், ஆட்கள் கூப்பிடுவது மேஸ்திரி. தளி, ஜவளகிரி, அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து ஐடிஐ முடித்தவர்கள் வருவார்கள். அஞ்செட்டிக்கு இருக்கிற பஸ்ஸை நம்பி ஷிப்டுக்கு வர முடியாது. அதனால் மத்திகிரியில் ஓர் அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று அடைந்து கிடப்பார்கள். காலையில் வேனில் ஏற்றி சிப்காட் கம்பெனிகளின் கேட்டில் இறக்குவது என் வேலை. இன்றைக்கு யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்று விரலால் காட்டுவதும் என் வேலை.

சேரும் நாளில் ஒவ்வொருவரிடமும் ஒன்று கேட்பேன். "ஒரிஜினல் சர்டிபிகேட் குடுப்பா. வெரிஃபிகேஷன் முடிஞ்சதும் தர்றன். என்கிட்ட பத்திரமா இருக்கும்."

வெரிஃபிகேஷன் என்று ஒன்று கிடையவே கிடையாது. மாநில எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளியில் இன்னொரு கான்ட்ராக்டர் இருப்பான், கொஞ்சம் நல்ல வேலை கொடுப்பான். ஒரிஜினல் என் கையில் இருந்தால் ஆள் தாண்ட மாட்டான். அவ்வளவுதான் சூட்சுமம். எல்லா கான்ட்ராக்டரும் செய்கிறான், நானும் செய்தேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். "பாய், பெங்களூர்ல ஒரு இன்டர்வியூ, ஒரே ஒரு நாள் குடுங்க" என்று வந்து நிற்பார்கள். நான் போனில் பேசிக்கொண்டே கையால் போ போ என்பேன். "நாளைக்கு வா."

கான்ட்ராக்டர் ஒரு நாள் ஆபீசைப் பூட்டிவிட்டுத் தலைமறைவானார். சர்டிபிகேட்டுகளை நான் டிரங்குப் பெட்டியோடு வீட்டுக்கு எடுத்துவந்தேன். கொஞ்சம் பேர் தேடிவந்து வாங்கிப்போனார்கள். மற்றவர்களுக்கு என் வீடு தெரியாது. நானும் சொல்லியனுப்பவில்லை. சில மாதத்தில் விசா வந்தது, கிளம்பிவிட்டேன். மறந்துவிட்டேன் என்று எழுதலாம்தான். ஆனால் மறக்கவில்லை.

6

மரெஷால்லோவின் அறையில் ஒரு ஹிந்தி மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருந்தார். இந்தியன் என்றால் ஹிந்திதான் என்பது இவர்களுடைய முடிவு. முனிராஜுக்குத் தமிழ் தெரியும், கன்னடம் தெரியும், தெலுங்கு தெரியும்; ஹிந்தி ஒரு வரி தெரியாது. நான்கு வருடத்தில் அவனுக்கு வந்த இத்தாலியன், பெட்டியும் கத்தியும் சீக்கிரமும்தான். மற்ற ஐந்து பேரும் ஏற்கெனவே பேசிவிட்டார்கள். மீதி அவன் ஒருவன். சபீனா தொழிற்சங்க அலுவலகத்தில் படிவம் நிரப்ப உதவுகிறவள் என்று மரெஷால்லோவுக்குத் தெரியும். "எழுத்தில் எடுக்கும்போது சரியான ஆளை வரவழைக்கிறேன். இப்போது ஒரே கேள்விதான், நீயே கேள்," என்றார்.

சபீனா முனிராஜைப் பார்த்தாள். "அண்ணா, அத்தா உங்களுக்குக் கபொராலேவான்னு கேக்குறாரு."

முனிராஜ் என்னைப் பார்த்தான். அவசரமே படவில்லை. அந்த நேரத்தில் அவனை எனக்கு அடிக்கவேண்டும் போல இருந்தது. சொல்லித் தொலையேன் என்று உள்ளே கத்தினேன்.

"இங்க இல்ல பாப்பா," என்றான். "இங்க அந்த வேன்காரன்தான். பாயி எங்களாட்டம் பெட்டி தூக்குறவருதான்." முகவாயால் என்னைக் காட்டினான். "ஓசூர்லதான் அப்படி இருந்தாரு."

சபீனா முதல் பகுதியை மட்டும் இத்தாலியனில் சொன்னாள். மரெஷால்லோ பேனாவை மேஜையில் தட்டினார். "அவர் இன்னும் ஏதோ சொன்னாரே?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். விழுங்கியிருக்கலாம். விழுங்கிவிடு என்று நான் கண்ணால் கெஞ்சினேன், வெட்கத்தைவிட்டு எழுதுகிறேன். அவள் விழுங்கவில்லை. சொன்னாள். அதோடு விடாமல் முனிராஜ் பக்கம் திரும்பி, "அங்க என்ன பண்ணாரு?" என்று தமிழில் அவளாகவே கேட்டாள்.

"என்து ஃபிட்டர் சர்டிபிகேட்டு இவருகிட்ட குடுத்தன். பெங்களூர்ல பர்மனென்ட் வேலைக்குக் கூப்ட்டாங்க. வந்து கேட்டன். நாளைக்கு வான்னாரு. மறுநா போனன். நாளைக்கு வான்னாரு. மூணாவது நாளு இன்டர்வியூவே முடிஞ்சிபோச்சு." அவன் குரலில் சண்டையே இல்லை. "இவருக்கு என் மொகம்கூட ஞாபகமில்ல. நாலு வருசமா ஒரே வேன்ல வர்றம்."

சபீனா ஒரு சொல்லைக்கூட விடாமல் மொழிபெயர்த்தாள். நாளைக்கு வா என்பதை அவள் எப்படிச் சொன்னாள் என்று கேளுங்கள். தொமானி என்றாள்.

மரெஷால்லோ ஓசூர் எங்கே என்று கேட்டு, அவள் போனில் வரைபடத்தைப் பார்த்தார். "அது என் எல்லைக்குள் வராது," என்றார். பிறகு டின்னைத் திறந்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவரவர் பேப்பரை அவரவர் கையில் கொடுத்தார். வேன்காரனுக்கு எதிராக ஏழு பேரும் சாட்சி சொல்வதென்று முடிவானது. நான் குற்றவாளியிலிருந்து சாட்சி ஆனேன். கடைசியில் வெற்று டின்னை என் பக்கம் தள்ளினார்.

7

வெளியே வந்ததும் முனிராஜிடம் பாய்ந்தேன். நன்றி சொல்லவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. "நாலு வருஷமா ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா நாளைக்கு வான்னுதான பாய் சொல்லுவீங்க."

"அப்புறம் என்னாத்துக்கு என்கிட்ட பாஸ்போர்ட்ட குடுத்த?"

"வேற எடமில்ல. ஆனா இந்தத் தடவ ஜெராக்ஸ் எடுத்து வச்சிக்கினுதான் குடுத்தன்," என்று சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினான்.

வீடு வரைக்கும் சபீனா எனக்கு முன்னால் நடந்தாள். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போது, "அந்த அண்ணனோட சர்டிபிகேட் இப்ப எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். மத்திகிரி வீட்டில் கட்டிலுக்கு அடியில், மற்றவர்களுடையதோடு டிரங்குப் பெட்டியில் என்றேன். அந்த வீட்டில் இப்போது என் மச்சான் பாஷா இருக்கிறார். அவரை வீடியோவில் அவளே கூப்பிட்டாள்.

பாஷா பெட்டியை இழுத்துப் பூட்டை உடைத்தார். "இது குப்பையில்ல மச்சான்? எடத்த அடச்சிக்கினு கெடக்குது. எரிச்சிடலாமா?" என்றார். "மாமா, ஒவ்வொண்ணா காட்டுங்க," என்றாள் சபீனா. அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்தார். ஓரம் செல்லரித்திருந்தது, போட்டோக்கள் நன்றாகவே இருந்தன. மீசை அரும்பின முகங்கள். சபீனாவுக்குத் தமிழ் எழுத வராது. இத்தாலிய எழுத்தில் பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டே வந்தாள். நாற்பத்தி மூன்று. முனிராஜினுடையது பதினேழாவதாக வந்தது. அதில் இருந்த முகத்தைப் பார்த்தும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதை மட்டும் கூரியரில் அனுப்பச் சொன்னோம். அவன் வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்ப இத வச்சிக்கினு என்னா பண்றது" என்றான்.

மீதி நாற்பத்திரண்டு பேரில் எத்தனை பேர் இதைப் படிப்பீர்களோ தெரியாது. இப்போது எங்கே இருக்கிறீர்களோ, எந்தக் கேட்டில் யாருடைய வேனிலிருந்து இறங்குகிறீர்களோ அதுவும் தெரியாது. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் நாளைக்கு வா என்று சொல்ல உங்களுக்கும் உரிமை உண்டு. உங்கள் ஒரிஜினல் என் வீட்டில் இருக்கிறது. மத்திகிரியில் கால்நடைப் பண்ணை கேட்டுக்குப் பக்கத்தில் வந்து, குதிரைக்கார பாய் வீடு எது என்று கேளுங்கள். என் அத்தாவின் பெயரில்தான் அந்த வீட்டை இன்றைக்கும் சொல்கிறார்கள். கேள்வி எதுவும் கேட்காமல் கொடுக்கச் சொல்லி பாஷாவிடம் சொல்லியிருக்கிறேன். போட்டோவும் முகமும் ஒத்துப்போகாவிட்டாலும் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் வீட்டில் ஆள் இருப்பார்கள். எந்த நேரத்தில் வந்தாலும் வாங்கிக்கொண்டு போகலாம், நாளைக்கு வா என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.